குடிசை எரிந்த வருசமும் பேர் மாறிய வருசமும்

எம்.கே.பி. நகரில் சாதிச் சான்றிதழுக்கு மனு எழுதித்தரச் சொல்லி வருகிற பையன்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். 'அண்ணே, ஆதிதிராவிடர்னு போடணுமா, பறையர்னு போடணுமா?' உங்கப்பாவுக்கு எது போட்டிருக்கோ அதையே போடுப்பா என்று சொல்லி அனுப்பிவிடுவேன். அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு சட்டமன்றமே இருக்கிறது என்பதை அவனிடம் சொல்ல நேரம் வாய்ப்பதில்லை.

முதல் உலகப்போர் முடிந்து, மாண்டேகு – செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தின்படி வந்த சென்னை மாகாணச் சட்டமன்றம் 1921 ஜனவரியில் கூடியது. தேர்தலில் வந்தவர்கள் 98 பேர். சொத்தும் வரிரசீதும் இருக்கிறவனுக்குத்தான் ஓட்டு என்பதால், சேரிக்குத் தேர்தல் என்பதே கிடையாது. நம் ஆட்கள் ஐந்து பேர் நியமனத்தில் உள்ளே போனார்கள். பரங்கிமலையில் பிறந்த பள்ளி ஆசிரியர் எம்.சி. ராஜா அவர்களில் ஒருவர்.

1922 ஜனவரியில் ராஜா ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பஞ்சமர், பறையர் என்ற சொற்களை அரசாங்க ஆவணங்களிலிருந்து எடுத்துவிட்டுத் தமிழ்ப் பகுதியில் ஆதிதிராவிடர் என்றும் தெலுங்குப் பகுதியில் ஆதி ஆந்திரர் என்றும் எழுத வேண்டும் என்பது தீர்மானம். நிறைவேறியது. மார்ச் 25ஆம் தேதி 817ஆம் எண் அரசாணையும் வந்தது. திராவிட இயக்க வரலாறு எழுதுகிறவர்கள் இந்த ஆணையை நீதிக்கட்சி ஆட்சியின் கொடை என்று எழுதுகிறார்கள். நம்மவர்களும் மேடையில் அதையே திருப்பிச் சொல்கிறோம். இந்த வாசிப்புதான் எனக்கு உடன்பாடில்லை. 1922இன் பக்கத்தை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டு வாசித்தால் கொடையாகத்தான் தெரியும். முந்தின வருசத்துப் பக்கத்தைப் புரட்ட வேண்டாமா?

1921இல் பெரம்பூர் பின்னி ஆலைகளான பக்கிங்காம், கர்நாடிக் இரண்டிலும் வேலைநிறுத்தம். ஆதிதிராவிடத் தொழிலாளர் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். ராஜா அதை ஆதரித்தார். கையிருப்பு, கடன் கொடுக்க ஆள், ஊரில் ஒரு காணி நிலம் என்று எதுவும் இல்லாதவன் எத்தனை மாசம் வெளியே நிற்பான்? ஜூன் கடைசியில் புளியந்தோப்புச் சேரிக்குத் தீ வைத்தார்கள். அடிதடி, கல்வீச்சு, போலீஸ் துப்பாக்கிச்சூடு என்று மாதக்கணக்கில் போனது. வீடிழந்த சனங்களை அரசாங்கம் வியாசர்பாடியில் முகாம் போட்டு வைத்தது. நான் இதை எழுதிக்கொண்டிருக்கும் வீட்டுவசதி வாரிய நகரமும் அதே வியாசர்பாடியில்தான் இருக்கிறது.

அப்போது ஆளுங்கட்சி என்ன பேசியது? தியாகராயர் உள்ளிட்ட நீதிக்கட்சித் தலைவர்கள், தொழிலாளர் துறை ஆதிதிராவிடருக்குச் செல்லம் கொடுப்பதுதான் கலவரத்துக்குக் காரணம் என்றார்கள். எரிந்தவன் வீட்டு வாசலில் நின்று 'உனக்குச் செல்லம் ஜாஸ்தி' என்று சொல்வதற்கு ஒரு நெஞ்சழுத்தம் வேணும். போலீஸ் இலாகா கவர்னர் கையில் இருந்த ஒதுக்கப்பட்ட இலாகா, மந்திரிகள் என்ன செய்வார்கள் என்று சமாதானம் சொல்வார்கள். இலாகாதான் கையில் இல்லை, வாய்கூடவா கவர்னர் கையில் இருந்தது?

தொழிற்சங்க வரலாறும் இதில் சளைத்ததில்லை. பி.பி. வாடியா, திரு.வி.க. தொடங்கி 1918இன் சென்னைத் தொழிலாளர் சங்கம்வரை விரிவாக எழுதுவார்கள். புளியந்தோப்பு வந்ததும் வெள்ளைக்கார முதலாளியின் சூழ்ச்சி என்று ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். முதலாளி பிரித்தான், சரி. பிரிப்பதற்குத் தோதாக ஊர் ஒரு பக்கம் சேரி ஒரு பக்கம் என்று ஏற்கெனவே பிரித்து வைத்திருந்தது யார்? கருங்காலி என்ற ஒரு சொல்லுக்குள் ஒரு சேரியையே போட்டு மூடிவிட முடிகிறது.

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கிற அந்தச் சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளை நாம் சாட்சிய இலக்கியமாக வாசிக்க வேண்டும் என்பது என் வாதம். தலித் எழுத்து தன்வரலாறுகளோடுதான் தொடங்கியது என்கிறார்கள். 1920களிலேயே நம் ஆள் ஒருவர் எழுந்து நின்று பேசியது அச்சாகியிருக்கிறது. குறையும் அங்கேயேதான் இருக்கிறது. பேச்சு இங்கிலீஷில் நடந்தது. சேரியில் விழுந்த அடியைச் சபை மரியாதைக்கு உட்பட்ட கேள்வியாக மாற்றி, 'இது அரசாங்கத்தின் கவனத்துக்கு வந்ததா' என்ற தோரணையில்தான் கேட்டாக வேண்டும். குடிசை எரிந்தவள் அழுத தமிழ் அந்தக் குறிப்பில் கிடையாது. ராஜாவின் பேச்சை வாசிக்கும்போது அவர் எதைச் சொல்லாமல் விழுங்கினார் என்பதையும் சேர்த்து வாசிக்கணும்.

ராஜாவைக் கும்பிட்டுவிட்டுப் போகவும் நான் தயாரில்லை. வெள்ளைக்கார அரசாங்கத்தை அவர் அளவுக்கு மீறி நம்பினார். ஆனாலும் 1923இல் நீதிக்கட்சியை விட்டு வெளியே வந்த மனுசன் அவர். பேர் வாங்கிக்கொடுத்த கட்சியை ஏன் விட்டார் என்று கொடைக் கதை எழுதுகிறவர்கள் விளக்குவதில்லை.

பேர் மாற்றுவதற்கு ஒருத்தனும் தன் தெருவைத் திறந்துவிட வேண்டியதில்லை. அதனால் அது சுலபமாக நிறைவேறியது. தெருவுக்கும் கிணற்றுக்கும் 1924இல் இரட்டைமலை சீனிவாசன் தனியாக இன்னொரு தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. பேர்கூட முழுசாக மாறவில்லை. தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகள் அட்டவணையைப் பாருங்கள். ஆதிதிராவிடர் இருக்கிறது, பறையர் தனியாக இருக்கிறது, பஞ்சமர் என்பதும் தனியாக இருக்கிறது. நூறு வருசம் முன்னால் எடுத்தாகிவிட்டது என்று ஆணை போட்ட சொல்லைத்தான் அந்தப் பையன் மனுவில் போடட்டுமா என்று என்னிடம் கேட்கிறான்.