அப்சிடியனில் நான் அணைத்து வைத்தவை

அப்சிடியனுக்கு அறிமுகம் தேவையில்லை. 2020-இல் வந்த குறிப்பெழுதும் செயலி. எழுதுவதெல்லாம் நம் கணினியிலேயே சாதாரண மார்க்டவுன் கோப்புகளாக இருக்கும். காசில்லை, சிங்க் வேண்டுமென்றால் சந்தா. இதெல்லாம் தெரிந்ததுதான். நான் பேச வந்தது, செட்டிங்ஸில் ‘கம்யூனிட்டி பிளகின்ஸ்’ பக்கத்தில் இருக்கும் ‘ரெஸ்ட்ரிக்டட் மோட்’ பற்றி. அதைப் போட்டால் வெளியார் எழுதிய பிளகின்கள் அத்தனையும் ஓய்ந்துவிடும். பாதுகாப்புக்காக வைத்த வசதி அது. பலர் முதல் நாளே அதை எடுத்துவிடுகிறார்கள். சில வாரங்களாக நான் அதைப் போட்டே வைத்திருக்கிறேன். இந்தச் செயலியின் ஆகச் சிறந்த வசதி அதுதான் என்பேன்.

பிளகின்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. கான்பன் பலகை, காலண்டர், குறிப்புகளை அட்டவணையாகத் திரட்டித் தரும் டேட்டாவியூ என ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவரின் நல்ல உழைப்பு தெரிகிறது. ஆனால் ஒன்றைப் பொருத்தியவுடன் பலன் கண்ணில் படுகிறது. நிறம் மாறுகிறது, கட்டங்கள் நிரம்புகின்றன. பாதியில் நிற்கும் கட்டுரையின் அடுத்த பத்தி அப்படி உடனே எதையும் தருவதில்லை. அதனால்தான் கடினமான வேலை எதிரே இருக்கும்போது கை பற்சக்கர ஐகானைத் தேடிப் போகிறது. நேரம் போகிறது, வேலை செய்த களைப்பும் வருகிறது, வேலை மட்டும் நகரவில்லை.

ரெஸ்ட்ரிக்டட் மோட் சுவிட்சைப் போட்டதும் என் முகப்புப் பக்கத்து அட்டவணை நாலைந்து வரி நிரலாகச் சுருங்கியது. அதற்குக் கீழே செக்பாக்ஸும் ‘வருமான வரி’ என்ற இரண்டு சொற்களும் மிஞ்சின. டேக், முன்னுரிமை, கெடு தேதி என்று அதைச் சுற்றியிருந்த அலங்காரம் போன பிறகுதான், அதில் செய்வதற்கு எதுவுமே இல்லை என்பது தெரிந்தது. அழித்துவிட்டு ‘அக்கவுண்ட்ஸில் ஃபார்ம் 16 கேட்க’ என்று எழுதினேன். எழுதிய கையோடு போன் செய்தேன். வேலைகளை ஒழுங்குபடுத்துவது பற்றி எழுதும் டேவிட் ஆலன் தன் 2001-ஆம் ஆண்டுப் புத்தகத்தில் வலியுறுத்துவது இதைத்தான்: அடுத்து உடலால் செய்யக்கூடிய செயல் எது என்று எழுது, இரண்டு நிமிடத்தில் முடியும் என்றால் எழுதாமல் அப்போதே செய். இதற்கு ஒரு பிளகினும் வேண்டாம்.

எனக்குக் கோபம் வருவது, தங்கள் ‘வால்ட்’டை, அதாவது அப்சிடியன் குறிப்புத் தொகுப்பை, சுற்றிக்காட்டும் வீடியோக்கள் மீது. அரை மணி நேரம் ஓடும். டெம்ப்ளேட் விற்பனையில் முடியும். அந்த வால்ட்டிலிருந்து எழுதி வெளிவந்த ஒரு கட்டுரையைக்கூடக் காட்ட மாட்டார்கள். நடுவில் நிக்லாஸ் லூமன் பெயர் வராமல் இருக்காது. அந்த ஜெர்மானியச் சமூகவியலாளர் சுமார் 90,000 சீட்டுகளை எழுதி, எண் போட்டு, மர இழுப்பறைகளில் வைத்திருந்தார், உண்மைதான். ஆனால் அந்தச் சீட்டுகளிலிருந்து பல டஜன் புத்தகங்கள் வந்தன. அதனால்தான் பீலஃபெல்ட் பல்கலைக்கழகம் இன்று அவற்றை மின்வடிவமாக்குகிறது. புத்தகங்களை விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் கொண்டாடுவது அந்த மனிதருக்குச் செய்யும் அநியாயம்.

குறிப்புகளுக்கு இடையிலான இணைப்புகளைப் படமாகக் காட்டும் கிராஃப் வியூ, செயலியோடே வரும் பிளகின் என்பதால் ரெஸ்ட்ரிக்டட் மோட் அதைத் தொடாது. ‘கோர் பிளகின்ஸ்’ பக்கத்துக்குப் போய்த் தனியாக அணைக்க வேண்டும். பார்க்க அழகாக இருக்கிறது. அதைப் பார்த்து நான் எந்த வேலையையும் தொடங்கியதில்லை. அணைத்துவிட்டேன். டெய்லி நோட்டும் தேடலும் போதுமானவை.

இழப்பு இல்லாமல் இல்லை. திரும்பத் திரும்ப வரும் வேலைகளைத் தானாக எழுதிக்கொள்ளும் வசதி போய்விட்டது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரன்ட் பில்லை போன் காலண்டரில் போட்டிருக்கிறேன். மேற்கோள்களை ஸோட்டெரோ என்ற நூற்குறிப்புச் செயலியிலிருந்து இழுக்கும் ஆய்வு மாணவருக்கு அந்த ஒரு பிளகின் நிஜமாகவே தேவை. அவர் சுவிட்சை எடுத்துவிட்டு அதை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

மற்றவர்கள் தயங்க வேண்டியதில்லை. பிளகின்கள் அழிவதில்லை, ஓரமாக இருக்கும். குறிப்புகளில் ஓர் எழுத்துகூட மாறாது. முடித்துக் கொடுக்க வேண்டிய வேலை இருக்கும் வாரத்திலேயே போட்டுப் பாருங்கள்.