போர்க்கால நூல்களும் சாட்சியின் பொறுப்பும்

போர்க்காலத்தைப் பற்றிய நாவல்களையும் நினைவுக் குறிப்புகளையும் நம் ஆயர்களும் இறையியல் மாணவர்களும் ஆர்வத்தோடு வாசிக்கின்றனர். அருளுரைக்கு ஏற்ற எடுத்துக்காட்டுகள் அவற்றில் மிகுதி. ஆயினும் அவற்றை எவ்வாறு வாசிப்பது என்பதைக் குறித்து நாம் அதிகம் சிந்திப்பதில்லை. நினைவுக் குறிப்பு உண்மை, நாவல் கற்பனை என்று பிரித்துவிட்டு அமைதி அடைகிறோம். இப்பிரிவு போதுமானதா என்பதைச் சயாம்–பர்மா ரயில் பாதையைப் பற்றிய சில நூல்களைக் கொண்டு ஆராய்வோம்.

இப்பாதையை ஜப்பானியப் படை 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தது. நீளம் 415 கிலோமீட்டர். இதில் உழைத்த 60,000க்கு மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகளுள் ஏறத்தாழ 12,000 பேர் மாண்டனர். மலாயா, பர்மா, ஜாவா முதலிய இடங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆசியத் தொழிலாளர் இவர்களைவிடப் பன்மடங்கினர்; அவர்களுள் மாண்டோரை 90,000 வரை மதிப்பிடுவோர் உண்டு. மலாயாவின் ரப்பர் தோட்டங்களைச் சேர்ந்த தமிழர் பல்லாயிரவர் இக்கூட்டத்தில் இருந்தனர்.

பியேர் பூல் எழுதிய ‘குவாய் ஆற்றுப் பாலம்’ என்னும் பிரெஞ்சு நாவல் 1952இல் வெளிவந்தது. 1957இல் வந்த திரைப்படம் அதை உலகறியச் செய்தது. தம் கடமை உணர்வாலும் பெருமிதத்தாலும் பகைவருக்கு மிகச் சிறந்த பாலமொன்றைக் கட்டித் தரும் கர்னல் நிக்கல்சன் அதன் நாயகன். நற்பண்பு தன் நோக்கத்திலிருந்து அறுபட்டால் தீமைக்கே ஊழியம் செய்யும் என்பதை இந்நாவல் ஆழமாகக் காட்டுகிறது. உவமை என்னும் அளவில் அதன் உண்மையை நாம் மறுக்கவில்லை. ஆனால் நல்ல சமாரியன் உவமையைப் போல இது பெயரற்ற ஒரு மனிதனைப் பற்றியதன்று. அப்பாலப்பணி நடந்த தாமர்க்கான் பாளையத்தில் கைதிகளுக்குத் தலைமை தாங்கிய பிலிப் டூசி என்பவர் தம் ஆட்களின் உயிரைக் காக்கப் போராடியவர். அவருடன் இருந்தோர் நிக்கல்சனைக் கண்டு மனம் புண்பட்டனர். பாலம் உண்மையில் நின்றது மே குளோங் ஆற்றின்மீது. கதையின் புகழ் பரவியபின் 1960 அளவில் ஆற்றின் அப்பகுதிக்கே ‘குவாய்’ என்ற பெயர் சூட்டப்பட்டது. கற்பனை நிலப்படத்தையே திருத்திவிட்டது!

எர்னஸ்ட் கார்டன் 1962இல் வெளியிட்ட நினைவு நூல் வேறு வகையினது. ஸ்காட்லாந்துப் படையின் அதிகாரியாகிய அவர் சுங்காய் பாளையத்தில் சாகும் தறுவாயில் கிடந்தபோது தோழர் இருவர் அவரைப் பேணி உயிர்ப்பித்தனர். நம்பிக்கையற்றிருந்த அவர் அங்கேயே கிறிஸ்துவைக் கண்டடைந்தார். பின்னாளில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆலயத்தின் தலைவராகப் பணியாற்றினார். அந்நூலின் ஒரு நிகழ்ச்சி நம் பிரசங்க மேடைகளில் நன்கு அறியப்பட்டது. மண்வெட்டி ஒன்று காணவில்லை என்று காவலன் சினந்து அனைவரையும் கொல்வதாக மிரட்டுகிறான். ஒருவன் முன்வந்து பழியை ஏற்று அடியுண்டு சாகிறான். மீண்டும் எண்ணும்போது மண்வெட்டி எதுவும் குறையவில்லை.

நாமும் இதைப் பன்முறை, கார்டன் கண்ணாரக் கண்டதுபோல, சொல்லியிருக்கிறோம். நூலை மீண்டும் வாசித்தபோது நாணினோம். பாளையத்தில் வழங்கிவந்த செய்தியாகவே அவர் அதைத் தருகிறார். இதனால் அந்நிகழ்ச்சி மதிப்பிழக்கிறதா? இல்லை. நம்பிக்கை அற்றுப்போன மனிதர் எந்தக் கதையைப் பற்றிக்கொண்டு எழுந்தனர் என்பதற்கு அது சாட்சி. கேள்வியுற்றதைக் கேள்வியுற்றதென்றே சொன்ன ஆசிரியரின் நேர்மையை நாம்தான் கைவிட்டோம். பயண வழியில் காயமுற்ற ஜப்பானியப் போர்வீரரின் புண்களைத் தாமும் தோழரும் கழுவியதையும், உடனிருந்த அதிகாரி அதைக் கண்டித்ததையும் அவர் நேரில் கண்டவராகவே எழுதுகிறார். இவ்விரண்டையும் ஒரே குரலில் சொல்வது சாட்சியத்துக்கு நாம் இழைக்கும் தீங்கு. கண்கூடாகக் கண்டவர்களிடம் விசாரித்தறிந்ததாகத் தம் நூலைத் தொடங்கும் லூக்காவை வாசிக்கும் நமக்கு இவ்வேறுபாடு புதிதன்று.

இனி, இந்நூல்களில் பேசாதவர்கள் யார் என்று கேட்போம். போர்க்கைதிகளுக்குப் படை ஒழுங்கும், மருத்துவரும், பெயர்ப் பட்டியலும் இருந்தன. காஞ்சனபுரியில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. தோட்டத் தமிழனுக்கு இவற்றுள் ஒன்றும் வாய்க்கவில்லை. வாந்திபேதி வந்தபோது அவனைப் பிரித்து வைத்துப் பேணுவாரும் அரியர்; இறந்தபின் பெயர் எழுதி வைப்பாரும் அரியர். உயிர் பிழைத்துத் திரும்பியோரில் நினைவு நூல் எழுதத்தக்க கல்வியும் ஓய்வும் பெற்றவர் மிகச் சிலரே. இவ்விடத்தில்தான் நம் எளிய பிரிவு உடைகிறது. மலேசியத் தமிழ் எழுத்தாளர் ஆர். சண்முகம் எழுதிய ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகியவை நாவல்களே. ஆயினும் ஏடுகளில் இடம்பெறாத மனிதரை இந்நாவல்களே நம்முன் நிறுத்துகின்றன. ஓரிடத்தில் உண்மையான மனிதர்மேல் நிழல் வீழ்த்திய கற்பனை, மற்றோரிடத்தில் மறக்கப்பட்டோருக்கு நடுகல்லாக நிற்கிறது.

ஆகவே போர்க்கால நூலொன்றைக் கையில் எடுக்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்பது நலம். இந்நூல் நமக்குத் தரும் வாக்குறுதி யாது? ஆசிரியர் தாம் கண்டதைச் சொல்கிறாரா, கேட்டதையா, புனைந்ததையா? எவருடைய குரல் இதில் இல்லை? முதல் இரண்டும் நம் நேர்மையைக் காக்கும். மூன்றாவது நம் இரக்கத்தை அகலப்படுத்தும். ஆபேல் திருமறையில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவனுடைய இரத்தத்தின் குரலையே கடவுள் கேட்டார். மண்வெட்டிக் கதையை இனியும் சொல்வோம். அதே பாதையில் பெயரின்றிப் புதைந்தவர்களையும் அதே அருளுரையில் நினைவுகூர்வோம்.