வாசலில் வைத்த பெட்டகம்: ரவுட்டர் வழிக் கோப்புப் பகிர்வின் நிறையும் குறையும்

வீட்டு வைஃபை ரவுட்டர்கள் பலவற்றின் பின்பக்கத்தில் ஒரு யூஎஸ்பி துளை இருக்கிறது. அதில் ஹார்டு டிஸ்க்கையோ பென் டிரைவையோ செருகி, ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் பகிர்வை இயக்கிவிட்டால், வீட்டிலுள்ள கணினிக்கும் கைபேசிக்கும் தொலைக்காட்சிக்கும் அது பொதுச் சேமிப்பிடமாகிவிடும். தனியாக ஒரு சாதனம் வாங்க வேண்டாம், மாதச் சந்தா கட்ட வேண்டாம். கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் 1 முதல் வரம்பற்ற இலவசச் சேமிப்பை நிறுத்தி, 15 ஜிபி கணக்குக்குள் படங்களையும் சேர்த்துவிட்டது. இடம் தேடும் குடும்பங்களுக்கு இந்தத் துளை கண்ணில் படுவது இயல்பே. ஆனால் இதை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்தே இதன் தரம் அமைகிறது. பகிர்வதற்கு இது நல்ல வழி. பாதுகாத்து வைப்பதற்கு ஆகாத வழி. இந்த இரண்டு வேலைகளையும் ஒன்றாகக் கருதிச் செய்யப்படும் அமைப்புகள்தான் இழப்பில் முடிகின்றன.

நிறையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஒரு படத்தை வாட்ஸ்அப் வழியாக அனுப்பினால் வழக்கமாக அது சுருக்கப்பட்டே போய்ச் சேரும். பகிர்ந்த டிஸ்க்கில் போட்டால் எடுத்தபடியே கிடைக்கும். மேலும் இந்தப் பரிமாற்றத்துக்கு இணையமே தேவையில்லை. வெளியே கேபிள் அறுந்து கிடந்தாலும், ரவுட்டருக்கு மின்சாரம் இருக்கும்வரை வீட்டுக்குள் கோப்புகள் ஓடிக்கொண்டிருக்கும். முழு எச்டி படம் ஒன்றுக்கு நொடிக்குச் சுமார் ஒரு எம்பி போதும் என்பதால், மலிவான ரவுட்டரும் அதைத் தடங்கலின்றித் தொலைக்காட்சிக்குத் தந்துவிடும். ஐபோனின் ஃபைல்ஸ் செயலி 2019இல் ஐஓஎஸ் 13 வந்ததிலிருந்து இத்தகைய பகிர்வுகளோடு நேரடியாக இணைகிறது. ஆண்ட்ராய்டில் விஎல்சி போன்ற செயலிகள் அந்த வேலையைச் செய்கின்றன. ஆப்பிள் நிறுவனம் 2007இலேயே தன் ஏர்போர்ட் எக்ஸ்ட்ரீம் ரவுட்டரில் டிஸ்க்கைச் செருகிப் பகிர வழி செய்து, அடுத்த ஆண்டு டிஸ்க்கையே உள்ளே வைத்து டைம் கேப்ஸ்யூல் என்று விற்றது. 2018இல் அந்த வரிசை முழுவதையும் நிறுத்திவிட்டது.

வேகம் என்று வரும்போது, பெட்டியின் அட்டையில் அச்சிட்ட எண்ணை நம்பக் கூடாது. யூஎஸ்பி 3.0க்கு நொடிக்கு 5 ஜிகாபிட் என்பது துளையின் எல்லை. டிஸ்க்கிலிருந்து படித்து, பொட்டலமாக்கி அனுப்பும் உழைப்பு ரவுட்டரின் சிறிய செயலியுடையது. வீட்டின் இணையப் போக்குவரத்தையும் அதே செயலிதான் சுமக்கிறது. ரவுட்டரின் கேபிள் துளைகள் 100 மெகாபிட் வகையாக இருந்தால், கேபிள் வழியில் நொடிக்கு 12 எம்பியைத் தாண்டவே முடியாது. நொடிக்கு 10 எம்பி என்று வைத்துக்கொண்டால், 64 ஜிபி படத்தொகுப்பு ஏற ஏறத்தாழ 1 மணி 45 நிமிடம் ஆகும். அதே டிஸ்க்கைக் கணினியில் நேராகச் செருகினால் பத்துப் பதினைந்து நிமிட வேலை. முதல் முறை மொத்தமாக ஏற்றுவதை நேரடியாகவே செய்துவிடுவது நல்லது. இன்னொன்று: யூஎஸ்பி 3.0 இயங்கும்போது எழும் மின்காந்த இரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையைக் கெடுக்கும் என்பதை இன்டெல் 2012இலேயே ஓர் அறிக்கையாக வெளியிட்டது. டிஸ்க்கைச் செருகியபின் வைஃபை மந்தமானதாகத் தோன்றினால், அது வெறும் பிரமையாக இருக்க வேண்டியதில்லை.

டிஸ்க்கை எந்த முறையில் ஃபார்மேட் செய்வது என்பதிலும் முழுத் திருப்தி தரும் விடை கிடையாது. ஃபேட்32 எங்கும் படிக்கப்படும், ஆனால் 4 ஜிபியை எட்டும் ஒற்றைக் கோப்பை ஏற்காது. என்டிஎஃப்எஸ் விண்டோஸுக்கு இசைவானது. லினக்ஸில் ஓடும் பழைய ரவுட்டர்களோ அதைத் திணறித்தான் கையாளும். எக்ஸ்ஃபேட்டுக்கான ஆதரவு லினக்ஸ் கருவில் சேர்ந்ததே 2019இல்தான் என்பதால், அதற்கு முந்தைய கருவை வைத்திருக்கும் பெட்டிகள் பலவற்றுக்கு அது புரியாது. ரவுட்டருக்கு மிகவும் பொருந்துவது ஈஎக்ஸ்டி4. ஆனால் டிஸ்க்கைக் கழற்றி விண்டோஸ் கணினியில் செருகினால் அது நேரடியாகத் திறக்காது. தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு இதில் தனித் தொல்லை ஒன்றுண்டு. ஈஎக்ஸ்டி4இல் ஒரு பெயரின் நீளம் 255 பைட்டுக்குள் இருக்க வேண்டும். யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட் எடுக்கும், புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியே கணக்காகும். ‘தமிழ்’ என்ற சொல் மட்டுமே 15 பைட். எனவே 85 குறிகளைத் தாண்டிய நீண்ட பெயர் விண்டோஸில் இயல்பாக இருந்து, ரவுட்டர் டிஸ்க்குக்கு நகலெடுக்கும்போது மறுக்கப்படும். பெயர்களைச் சுருக்கி வைப்பதைத் தவிர இதற்கு வேறு வழியில்லை.

மின்சாரம் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். யூஎஸ்பி 2.0 துளை தருவது 500 மில்லிஆம்பியர், 3.0 தருவது 900. சுழலும் டிஸ்க்குக்குச் சில நேரம் அது பற்றாது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்தடை வந்தால் கோப்பு அமைப்பே சிதையலாம். ரவுட்டரையும் டிஸ்க்கையும் சேர்த்துத் தாங்கும் யூபிஎஸ் இல்லாத வீட்டில் டிஸ்க்கை எந்நேரமும் செருகி வைப்பது எனக்கு ஒப்பாது.

இவையெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடிய குறைகள். பொறுக்கக்கூடாத குறை ரவுட்டரின் மென்பொருளில் இருக்கிறது.

கோப்புப் பகிர்வுக்கு இன்று பொதுவாகப் பயன்படும் நெறிமுறை எஸ்எம்பி. 1980களில் ஐபிஎம்மில் பேரி ஃபைகன்பாம் அதை உருவாக்கினார். ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1990களின் தொடக்கத்தில் எழுதத் தொடங்கிய சாம்பா என்ற கட்டற்ற மென்பொருள்தான் விண்டோஸ் அல்லாத கருவிகளையும் அந்த மொழியைப் பேச வைத்தது. ரவுட்டருக்குள் இருப்பதும் பெரும்பாலும் சாம்பாவே. 2008இல் சாம்பா 3.2 புதிய ஜிபிஎல் 3 உரிமத்துக்கு மாறியது. அந்த உரிமத்தின் கூடுதல் நிபந்தனைகளுக்குத் தயங்கியும், புதிய பதிப்பு சிறிய நினைவகத்துக்குள் அடங்காது என்பதாலும், ரவுட்டர் தயாரிப்பாளர்கள் பலர் 3.0 வரிசையிலேயே தங்கிவிட்டார்கள். முழுமையான எஸ்எம்பி 2 ஆதரவு சாம்பாவுக்கு வந்ததோ 2011இன் 3.6 பதிப்பில். விளைவாக, அதற்குப் பல ஆண்டுகள் கழித்து விற்ற ரவுட்டர்களும் எஸ்எம்பி 1 என்ற பழைய வடிவத்தை மட்டுமே அறிந்திருந்தன.

2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற பணயத் தீநிரல் பரவியது விண்டோஸின் எஸ்எம்பி 1 சேவையில் இருந்த ஓட்டை வழியாகத்தான். பிரிட்டனின் பொது மருத்துவமனைகள் அதில் நிலைகுலைந்தன. அந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே வெளியிட்டிருந்தது. அவ்வாண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து எஸ்எம்பி 1ஐ அது விலக்கத் தொடங்கியது. அன்றிலிருந்து பழைய ரவுட்டரின் டிஸ்க் பல கணினிகளின் கண்ணில் படாமல் போனது. அப்போது கைக்குக் கை மாறும் பரிகாரம் ஒன்று உண்டு: விண்டோஸ் அம்சங்களின் பட்டியலுக்குப் போய் எஸ்எம்பி 1க்கு எதிரேயுள்ள கட்டத்தில் டிக் அடி. டிஸ்க் உடனே தெரியும், வீட்டார் மகிழ்வார்கள். இந்தப் பரிகாரத்தை நான் வன்மையாக எதிர்க்கிறேன். அந்த ஒற்றை டிக், ரவுட்டரை அணுகும் பகுதியோடு, கணினியையே எஸ்எம்பி 1 சேவையகமாக்கும் பகுதியையும் சேர்த்து இயக்குகிறது. வான்னாக்ரையின் ஓட்டை அடைபட்டிருக்கலாம். ஆனாலும் குறியாக்கம் இல்லாத, இடையில் நுழைபவரைக் கண்டுபிடிக்க வலுவற்ற ஒரு நெறிமுறைக்காக நல்ல கணினியின் பாதுகாப்பைத் தளர்த்துவது தலைகீழான காரியம். பல நேரங்களில் டிஸ்க் பட்டியலில் தெரியாததற்குக் காரணம் கண்டறியும் முறை மாறியது மட்டுமே. முகவரிப் பட்டையில் \\192.168.1.1 என்று, உங்கள் ரவுட்டரின் எண் எதுவோ அதை நேராக எழுதிப் பாருங்கள். திறந்தால் ரவுட்டர் புதிய எஸ்எம்பியை அறிந்திருக்கிறது. திறக்காவிட்டால் ரவுட்டரின் ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள். அதன்பிறகும் எஸ்எம்பி 1 மட்டுமே என்றால் அந்த வசதியைக் கைவிடுங்கள்.

பழைய மென்பொருளைவிடப் பெரிய சிக்கல் இடம் சார்ந்தது. வீட்டில் இணையத்தை நேருக்கு நேர் பார்த்து நிற்கும் கருவி ரவுட்டர். உள்ளறையில் இருக்க வேண்டிய பெட்டகத்தைத் தெருவாசலில் கொண்டுவந்து வைப்பது போலத்தான் இந்த ஏற்பாடு. கதவு உறுதியாக இருக்கும்வரை ஒன்றும் நேராது. 2014 பிப்ரவரியில் அந்தக் கதவு பல நாடுகளில் ஒரே நேரத்தில் திறந்து கிடந்தது தெரியவந்தது. ஆசுஸ் ரவுட்டர் வைத்திருந்த பலர், தங்கள் டிஸ்க்கில் தாங்கள் வைக்காத ஓர் எச்சரிக்கைக் கோப்பைக் கண்டார்கள். உங்கள் ரவுட்டரும் ஆவணங்களும் உலகில் யாருக்கும் எட்டும் நிலையில் உள்ளன என்பது அதன் சாரம். அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் இதை விசாரித்து 2016 பிப்ரவரியில் அந்நிறுவனத்துடன் உடன்பாட்டுக்கு வந்தது. 12,900க்கும் மேற்பட்டோரின் டிஸ்க்குகளுக்குள் ஊடுருவிகள் அத்துமீறி நுழைந்திருந்தார்கள் என்றது ஆணையம். டிஸ்க்கைப் பகிர உதவும் அமைப்பு வழிகாட்டியின் இயல்புத் தேர்வே, இணையத்தில் யாரும் கடவுச்சொல் இன்றி நுழைய வழிவிட்டது. கடவுச்சொல் கேட்கும் தேர்வை எடுத்தவர்களுக்கோ, பயனர் பெயர், கடவுச்சொல் இரண்டுக்கும் ‘ஃபேமிலி’ என்ற ஒரே சொல்லை அது முன்வைத்தது. பயனர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை, காட்டிய பொத்தான்களை வரிசையாக அழுத்தினார்கள். இருபது ஆண்டுகளுக்குத் தன் பாதுகாப்புத் திட்டத்தைச் சுதந்திரத் தணிக்கைக்கு உட்படுத்த அந்நிறுவனம் ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

இந்தியாவின் பல இணைப்புகளில் வீட்டு ரவுட்டருக்குத் தனி ஐபிவி4 முகவரி கிடையாது. பல வீடுகள் ஒரே முகவரியைப் பகிர்ந்துகொள்வதால், வெளியிலிருந்து நேராக உள்ளே வர முடியாது. சிலர் இதையே காவலாக எண்ணுகிறார்கள். ஆனால் ஐபிவி6 இயங்கும் இணைப்பில் ஒவ்வொரு கருவிக்கும் பொது முகவரி கிடைக்கக்கூடும், அங்கே காப்பது ரவுட்டரின் தீச்சுவர் மட்டுமே. தற்செயலாக அமைந்த மறைவை நம்பிக் குடும்ப ஆவணங்களை வைக்க முடியாது.

ஆகவே இதை அமைப்பவர்களுக்கு என் கண்டிப்பான யோசனை: பகிர்வை இயக்கியதும், பெயரில்லா விருந்தினர் அணுகலை முதலில் அணையுங்கள். ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லைப் பகிர்வுக்கும் கொடுக்காமல் தனிப் பயனர் பெயர் ஒன்றை உருவாக்குங்கள். எஃப்டிபி என்ற பழைய கோப்புப் பரிமாற்ற நெறிமுறையையும் வெளியிலிருந்து அணுகும் வசதியையும் இயக்கவே வேண்டாம். எஃப்டிபி கடவுச்சொல்லையும் கோப்பையும் மறைக்காமல் அப்படியே அனுப்பும். 1971இல் அபய் பூஷண் அதன் முதல் வரைவை எழுதியபோது இணைந்திருந்தவை சில ஆய்வுக்கூடங்கள்தான். ரவுட்டர் அனுமதித்தால் தொலைக்காட்சிக்கும் பிள்ளைகளுக்கும் படிக்க மட்டும் உரிமை தந்து, எழுதும் உரிமையை ஒருவரிடம் வையுங்கள். கணினியில் எழுதும் உரிமையோடு நிரந்தரமாக இணைத்து வைத்த டிஸ்க், பணயத் தீநிரல் வந்தால் கணினியோடு சேர்ந்தே பூட்டப்படும்.

தனிச் சேமிப்புப் பெட்டி வாங்கினால் எல்லாம் தீரும் என்று சொல்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் பெட்டிகள் தொலைவிலிருந்து அழிக்கப்பட்டு, பலருடைய கோப்புகள் ஒரே நாளில் மறைந்தன. அந்தப் பெட்டிக்கான மென்பொருள் புதுப்பிப்பு 2015இலேயே நின்றுபோயிருந்தது. விலை கூடிய பெட்டியும் கவனிக்க ஆளில்லாவிட்டால் இதே கதிதான். ஆனால் தொடர்ந்து புதுப்பிப்பு பெறும் தனிப் பெட்டியோ, சாம்பாவின் புதிய பதிப்பை ஓட்டும் ராஸ்பெரி பை 4 போன்ற சிறு கணினியோ ரவுட்டருக்குப் பின்னால் உள்ளே நிற்கிறது என்பதால், நான் அவற்றுக்கே முன்னுரிமை தருவேன்.

ரவுட்டரில் செருகிய டிஸ்க்கில் திரைப்படமும் பாட்டும் பாடக்குறிப்பும் தாராளமாக இருக்கட்டும், போனாலும் மீண்டும் கிடைக்கும். வீட்டுப் பத்திரத்தின் நகல், ஆதார், வருமான வரிக் கணக்கு, இறந்துபோனவர்களின் படம் எதற்கும் அங்கே ஒரே பிரதி இருக்கக் கூடாது. இன்றே பார்த்துவிடுங்கள், இருந்தால் இன்னொரு டிஸ்க்கில் நகலெடுத்து, அதைக் கழற்றி அலமாரியில் வையுங்கள்.