அங்கதம் யாரைச் சுட வேண்டும்?

ஒலுவிலில் ஒரு துறைமுகம் உண்டு. 1994ஆம் ஆண்டு துறைமுக அமைச்சரான எம். எச். எம். அஷ்ரஃப் அவர்களின் காலத்தில் கனவாக முளைத்து, 2008இல் டென்மார்க் நாட்டுக் கடனுதவியுடன் கட்டத் தொடங்கப்பெற்று, 2013இல் ஜனாதிபதியால் திறந்து வைக்கப்பட்டது அது. கப்பல்கள் வருமுன் மணல் வந்தது. கடலுக்குள் நீண்ட கல்லணைகள் கரையோரமாக நகரும் மணலை மறித்தன. துறைமுக வாயில் தூர்ந்தது. வடபுறத்தே கரை அரிக்கப்பட்டுத் தென்னைகள் அலையிற் சாய்ந்தன. அதன்பின் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. வாயிலைத் தோண்டித் திறக்குமாறு மீனவர்கள் கிளர்ந்தனர். முதலில் எங்கள் காணிகளைக் காப்பாற்றுங்கள், அதுவரை மணலில் கை வைக்காதீர்கள் என்று நிலமிழந்தோர் மறித்தனர். இரு சாராரும் ஒரே கடலை அண்டி வாழ்பவர்கள். இரு சாராரும் சாதாரண மக்கள். திட்டம் தீட்டியவர்களோ இந்தச் சண்டையில் எந்தப் பக்கத்திலும் இல்லை.

இதனை ஒரு நாவலாசிரியன் கற்பனையாக எழுதியிருந்தால், மிகைப்படுத்திவிட்டான் என்றே நாம் குறை கூறியிருப்போம். நடப்பே நையாண்டி எழுதும் நாட்டில் எழுத்தாளனுக்கு என்ன வேலை என்ற கேள்வி நியாயமாகவே எழுகிறது. எமது விடை இதுதான்: சிரிப்பை யார்மீது திருப்புவது என்று தீர்மானிப்பதே அவன் வேலை. மீனவனும் காணிக்காரனும் மணல்மேட்டில் மல்லுக்கு நிற்பதைக் காட்டி நம்மைச் சிரிக்க வைக்கலாம். அவர்களை அங்கே எதிரெதிராக நிறுத்திவிட்டுத் தலைநகருக்குத் திரும்பிச் சென்றவர்களைக் காட்டியும் சிரிக்க வைக்கலாம். முன்னையது வெறும் கேலி, பின்னையதே அங்கதம்.

அங்கதம் தமிழுக்குப் புதிய சரக்கன்று. செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் எனத் தொல்காப்பியம் அதனை இரண்டாக வகுத்தது. வெளிப்படையாகச் சாடுவது ஒன்று, பழியை மறைத்து உரைப்பது மற்றொன்று. மறைத்து உரைக்க வேண்டிய தேவை பெரும்பாலும் அதிகாரத்தின் அச்சத்தால் பிறப்பது. கல்முனை மண்ணின் சிறுகதையாசிரியர் உமா வரதராஜனின் ‘அரசனின் வருகை’ இதற்குத் தக்க சான்று. அச்சம் கவிந்த ஓர் ஊருக்கு அரசன் வரப்போகிறான்; ஊர் அவனை வரவேற்க ஆயத்தமாக்கப்படுகிறது. கதையில் வருவது அரசன்தான். ஆயினும் மாலைகளும் தோரணங்களும் கண்டு பழகிய வாசகனுக்கு, அவன் எந்த அரசன் என்று எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அரசியலைக் கேலி செய்வதில் ஓரளவு உடன்பாடு காண்பது எளிது. மதப் பூசல் என்று வரும்போதுதான் எழுத்தாளனின் கை நடுங்குகிறது. கல்முனைக் கரையோரத்தை நோக்குக. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் எனத் தமிழ் ஊர்களும் முஸ்லிம் ஊர்களும் ஒரே மாலையிற் கோத்த மணிகள்போல் மாறி மாறிக் கிடக்கின்றன. பேசுவது ஒரே மொழி. ஆயினும் ஓர் ஊரின் தேநீர்க்கடையில் பிறக்கும் பகடி, அடுத்த ஊரைப் பற்றியதாகவே பெரிதும் இருக்கிறது. அப்பகடியைக் கதையாக்கித் தருவது துணிச்சலாகத் தோன்றலாம். உண்மையில் அது கலவரத்திற்குக் கம்பு சீவிக் கொடுக்கும் வேலையே.

2018 பெப்ரவரி இறுதியில், இதே மாவட்டத்தின் அம்பாறை நகரில், ஒரு முஸ்லிம் உணவகத்தின் உணவில் கருத்தடை மாத்திரை கலக்கப்பட்டதாகக் கூறி ஒரு கும்பல் கடையையும் பள்ளிவாசலையும் தாக்கிற்று. அரசாங்கப் பகுப்பாய்வாளர் பின்னர் சோதித்து அறிவித்தது என்ன? மாத்திரையும் இல்லை, மருந்தும் இல்லை, வெறும் மாக்கட்டி. ஜொனதன் ஸ்விப்ட் 1726இல் வெளியிட்ட ‘கல்லிவரின் பயணங்கள்’ நூலில், முட்டையைப் பெரிய முனையில் உடைப்பதா, சிறிய முனையில் உடைப்பதா என்பதற்காக இரு நாடுகள் போரிடுகின்றன, பல்லாயிரவர் மடிகின்றனர். முட்டைக்கும் மாக்கட்டிக்கும் தூரம் அதிகமில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்விப்ட் மதகுருவாக இருந்தவர். அவர் நகைத்தது அயலான் மதத்தையன்று. தமது சபையும் பங்குகொண்ட பூசலையே அவர் நகைத்தார்.

இங்கே எமது வாதத்தின் மையத்திற்கு வருகிறோம். மதப் பூசலைப் பற்றிய அங்கதம் எழுத்தாளனின் சொந்த முற்றத்திலிருந்தே தொடங்க வேண்டும். மலையாளத்தின் வைக்கம் முகம்மது பஷீர் 1951இல் எழுதிய ‘எங்க உப்பப்பாவுக்கொரு ஆனையிருந்தது’ என்னும் நாவலில், நொடிந்துபோன முஸ்லிம் குடும்பத்துத் தாய் ஒருத்தி தன் தகப்பனின் யானையைச் சொல்லிச் சொல்லியே பெருமை கொள்கிறாள். முடிவில், அந்த யானை மணலில் குழி பறித்து வாழும் குழியானைப் பூச்சிதான் என்று சிறுவர்கள் கூவுகிறார்கள். நாம் சிரிக்கிறோம், ஆயினும் அவளை வெறுக்க முடியவில்லை. தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ 1988இல் வெளிவந்தது. அதிலும் சாட்டை விழுவது ஊரை ஆட்டிப் படைக்கும் முதலாளிமீதும், மார்க்கத்தின் பெயரால் ஏய்ப்பவர்மீதும்தான். ஏழை மீனவன்மீது அன்று.

ஓர் ஆட்சேபம் எழும். அதனை எளிதில் ஒதுக்கிவிடுதல் நேர்மையன்று. ஏற்கெனவே சந்தேகக் கண்ணுக்கு இலக்கான ஒரு சமூகத்தின் எழுத்தாளன் தன் வீட்டு அழுக்கைக் காட்டினால், அது பகைவனுக்கு ஆயுதமாகாதா? ஆகலாம். 2019இன் குண்டுவெடிப்புகளுக்குப் பின் இலங்கை முஸ்லிம்கள் அனுபவித்ததை அறிந்தோர் இவ்வச்சத்தை அற்பமென்று சொல்ல மாட்டார்கள். ஆனால் மௌனமும் காப்பாற்றவில்லை என்பதை நாம் மறக்கலாகாது. மன்னார்க் கவிஞர் அஹ்னாஃப் ஜஸீம் 2020இல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ்க் கைதானார். அவருடைய ‘நவரசம்’ கவிதைத் தொகுதியே குற்றப்பொருளாயிற்று. 2021இன் இறுதியிற் பிணையும், 2023இல் விடுதலையும் கிட்டின. பெரும்பான்மைச் சமூகத்து எழுத்தாளனும் தப்பவில்லை. பௌத்த விகாரை வாழ்வைத் தொட்டுச் சிறுகதை எழுதிய சக்திக சத்குமார 2019இல் சிறை வைக்கப்பட்டார். அவர்மேற் பாய்ந்தது, குடியியல், அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையின் பெயரால் இயற்றப்பட்ட சட்டம். வெறுப்புப் பேச்சைத் தடுக்க வந்த சட்டம் கதாசிரியனைப் பிடித்தது. இதனினும் கூரிய அங்கதத்தை எவன் எழுத வல்லான்? உள்ளிருந்து எழும் சிரிப்புக்கே அதிகாரம் மிக அஞ்சுகிறது என்பதற்கு இவ்வழக்கு ஒரு சாட்சியம்.

இறுதியாக, மனித இயல்பு பற்றி ஒரு சொல். அங்கதத்தின் பெயரால், மனிதன் என்றுமே இப்படித்தான், மந்தைதான், மூடன்தான் என்று கையை விரித்துவிடும் கதைகள் உண்டு. ஞானம் போலத் தோன்றும் இம்முடிவு எமக்கு உடன்பாடன்று. மாக்கட்டி மாத்திரையானது மனித இயல்பினால் மட்டும் அன்று. வதந்தியைச் சமைத்தவர் உண்டு, பரிமாறியவர் உண்டு, அதனால் பயன் கண்டவரும் உண்டு. சாதத் ஹசன் மண்டோவின் ‘டோபா டேக் சிங்’ கதையை எண்ணிப் பாருங்கள். பிரிவினைக்குப் பின் இரு அரசுகளும் பைத்தியக்காரர்களை மதவாரியாகப் பங்கிட்டுக் கொள்கின்றன. தன் ஊர் எந்த நாட்டில் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருந்த பிஷன் சிங், இரு எல்லைகளுக்கும் இடையே, எவருக்கும் சொந்தமற்ற மண்ணில் விழுந்து கிடக்கிறான். மனிதன் பைத்தியம் என்று மண்டோ தீர்ப்புக் கூறவில்லை. பைத்தியக்காரனுக்கு இருந்த தெளிவு அரசுகளுக்கு இல்லை என்றே காட்டினார்.

1995இல் தொடங்கிய தென்கிழக்குப் பல்கலைக்கழகம் அதே ஒலுவிலில் இருக்கிறது. அங்கே பயிலும் மாணவர்களும் கரையோரப் பள்ளிகளில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்களும் ஒரு நையாண்டிக் கதையைக் கையில் எடுக்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்குமாறு வேண்டுகிறோம். இதில் சிரிப்பவர் யார்? சிரிக்கப்படுபவர் யார்? இருவருக்கும் அப்பால், ஒரு கீறலுமின்றித் தப்பிச் செல்பவர் யார்? மூன்றாவது கேள்விக்கு விடை தரும் கதையே எமக்குத் தேவை. மணல் மூடிய அத்துறைமுகத்தைப் பற்றிய கதையும் அக்கேள்வியிலிருந்தே எழுதப்பட வேண்டும்.