சட்டகமும் முன்மாதிரியும்

'பாரடைம்' என்னும் சொல் இன்று அறிவியலுக்கு வெளியேயும் தாராளமாகப் புழங்குகிறது. விற்பனை முறை மாறினாலும் தேர்வு முறை மாறினாலும் 'பாரடைம் மாற்றம்' என்கிறார்கள். தமிழில் இதனைக் 'கருத்துச் சட்டகம்' என எழுதுவோர் உண்டு. இத்தமிழாக்கம் எந்த அளவுக்குப் பொருந்துகிறது என்று பார்ப்போம்.

இச்சொல்லின் மூலம் கிரேக்கம். பக்கத்தில் வைத்துக் காட்டுவது, அதாவது முன்மாதிரி என்பது அதன் பொருள். பின்னர் அது இலக்கணத்திற்கு வந்தது. ஒரு வினைச்சொல்லின் வடிவங்களை வரிசையாகக் காட்டினால், மாணவன் அதைப் பார்த்து மற்ற வினைகளையும் அமைத்துக்கொள்வான். தமிழ் மாணவர்க்கு இது புதிதன்று. 'வந்து', 'உண்டு', 'ஓடி' ஆகியவற்றைச் 'செய்து என்னும் வாய்பாட்டு வினையெச்சங்கள்' என்று நாம் படிக்கிறோம் அல்லவா? அதுவே இது.

இலக்கணச் சொல்லாக இருந்த இதனை அறிவியல் வரலாற்றில் புகழ்பெறச் செய்தவர் தாமஸ் குன். அமெரிக்கரான இவர் முதலில் இயற்பியல் பயின்று, பிறகு வரலாற்றுக்கு வந்தவர். 1962-இல் வெளிவந்த 'அறிவியற் புரட்சிகளின் அமைப்பு' என்னும் நூலில், அறிவியலார் வழக்கமாக ஒரு பாரடைமுக்குள் நின்றே பணியாற்றுகின்றனர். அதற்கு அடங்காத முரண்பாடுகள் பெருகி நெருக்கடி முற்றும்போது, வேறொன்று அதனிடத்தைப் பிடிக்கிறது என்றார்.

ஆனால் அந்நூலில் இச்சொல் ஒரே பொருளில் வரவில்லை. 21 வேறுபட்ட பொருள்களில் வருவதாக மார்கரெட் மாஸ்டர்மன் எடுத்துக்காட்டினார். 1970-இல் வந்த இரண்டாம் பதிப்பின் பின்னுரையில் குன் பொருளை இரண்டாகப் பிரித்தார். ஒன்று, ஒரு துறையினர் பொதுவாக ஏற்கும் விதிகள், மதிப்பீடுகள் முதலியவற்றின் முழுத் தொகுதி. மற்றொன்று, தீர்த்துக் காட்டப்பட்ட முன்மாதிரிக் கணக்கு. இந்த இரண்டாவதே ஆழமானது என்பது அவர் கருத்து.

'சட்டகம்' என்ற சொல் முதற்பொருளுக்குப் பொருந்தும். இரண்டாவதை அறவே விட்டுவிடுகிறது. விசை = நிறை × முடுக்கம் என்று மனப்பாடம் செய்த மாணவன், ஊசலைக் கண்டதும் திகைக்கிறான். சாய்தளத்தில் உருளும் பந்தின் கணக்கைத் தானே செய்து பார்த்தவனோ, ஊசலிலும் அதே சாயலைக் காண்கிறான். விதியைச் சொல்வது வேறு, அதைப் பொருத்தப் பழகுவது வேறு.

குன்னின் கருத்திலும் ஒரு மிகை உண்டு. புரட்சிக்கு முன்னும் பின்னும் உள்ள கொள்கைகளை ஒரே அளவுகோலால் முழுமையாக அளக்க இயலாது என்றார் அவர். புதன் கோளை எடுத்துக்கொள்வோம். சூரியனுக்கு மிக அருகே அது வரும் புள்ளி, நியூட்டன் கணக்கைவிட நூற்றாண்டுக்குச் சுமார் 43 விநாடிக் கோணம் கூடுதலாக நகர்ந்தது. அந்த வேறுபாட்டைக் கண்டுபிடித்தது நியூட்டன் முறைக் கணக்கே. 1915-இல் ஐன்ஸ்டைன் விளக்கியதும் அதே 43 விநாடியைத்தான். பழைய கொள்கை நீட்டிய அளவுகோலாலேயே புதிய கொள்கை அளக்கப்பட்டது!

ஆகவே முழுத் தொகுதியைச் 'சட்டகம்' என்போம்; தீர்த்த கணக்கை 'முன்மாதிரி' என்போம். 'வாய்பாடு' என்பதும் நெருங்கிய சொல்லே. ஆயினும் பெருக்கல் வாய்பாட்டின் மனப்பாட வாடை அதில் வீசுகிறது. முன்மாதிரியோ, ஒப்பிப்பதற்கன்று, அடுத்த கணக்கைத் தானே போட்டுப் பார்ப்பதற்கு.