கொல்லிமலைப் பாட்டும் காப்பகத்தார் மாநாடும்

புறநானூற்றின் 204 ஆம் பாட்டு, கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியைப் பாடுவது. பாடியவர் கழைதின் யானையார். மூங்கிலைத் தின்னும் யானை என்னும் தொடரே இப்புலவர்க்குப் பெயராய் நின்றது போலும். பெற்றோர் இட்ட பெயரை அறிதற்கு இன்று வழியில்லை. அத்தொடரேனும் நமக்கு எட்டியது, பாட்டின் அடியில் திணை, துறை, பாடியவர், பாடப்பட்டவர் எனக் குறித்து வைத்த பழையோர் உழைப்பால் ஆகும். இக்காலக் காப்பகத்தார் ‘மீதரவு’ என்று வழங்குவது இவ்வடிக்குறிப்பையே ஒத்தது.

இவ்வொப்புமையை யான் வகுப்பறையில் உணர்ந்திலேன். ஆவணக் காப்பாளர் மாநாடு ஒன்றில் கேட்போனாக அமர்ந்திருந்தபோதே உணர்ந்தேன். தமிழாசிரியர் இத்தகைய மாநாடுகட்குச் செல்லுதல் அரிது. அவை பொறியாளர்க்கும் நூலகர்க்கும் உரியன என்பது நம் எண்ணம். 1997 இல் சிங்கப்பூரிலும் 1999 இல் சென்னையிலும் தமிழிணைய மாநாடுகள் கூடியபோது, எழுத்துருவும் விசைப்பலகையும் நமக்குப் புறத்தன என்று ஒதுங்கியோருள் யானும் ஒருவன். விளைவு யாது? அந்நாளில் தனித்தனி எழுத்துருக்களில் தட்டெழுதிய பாடங்கள், ஒருங்குறி பரவியபின், மாற்றியின் துணையின்றிப் படிக்க இயலாதனவாயின. ஏட்டைச் செல்லரிக்க நூறாண்டு வேண்டும். இவற்றிற்குப் பத்தாண்டே போதியதாயிற்று.

யான் கண்ட மாநாட்டின் குறையையும் மறைத்தல் ஆகாது. முற்பகல் முழுதும், எத்தனை பக்கம் ஒளிவருடப்பட்டது என்னும் கணக்கே ஒலித்தது. அப்பக்கங்கள் எவர் வீட்டுப் பரணிலிருந்து வந்தன என ஒருவரும் உரைத்திலர். பிற்பகலில் ஒருவர் சரிபார்ப்பெண் பற்றி விளக்கினார். கோப்பினின்று கணித்த எண் ஒன்றை உடன் வைப்பின், பின்னர் ஓரெழுத்துத் திரியினும் அவ்வெண் காட்டிக் கொடுக்கும் என்றார். சுவடி படியெடுத்தோர்க்கு இஃது இருந்திருப்பின் பாடவேறுபாட்டு ஆராய்ச்சிக்கே வேலையிராது என்று அருகிருந்த நண்பர் நகைத்தார். யான் அவ்வளவு மகிழ்ந்திலேன். அவ்வெண் கோப்புத் திரியாமையைக் காட்டுமேயன்றி, கோப்பிலுள்ள பாடம் மெய்யென்பதைக் காட்டாது. பழைய ஏடுகளிற் புள்ளி இடுவதில்லை. எகர ஏகாரங்கட்கு வடிவ வேறுபாடும் இல்லை. தட்டெழுதுவோர் தமக்குத் தோன்றியவாறு முடிவு செய்துவிட்டால், அப்பிழையே என்றும் திரியாமற் காக்கப்படும்.

காப்பகத்துறையின் தலையாய நெறி, ஓர் ஆவணம் எவரிடமிருந்து, எத்தொகுதியினின்று வந்தது என்பதைப் பிரியாமற் போற்றுதல். இது நமக்குப் புதிதன்று. உ. வே. சாமிநாதையர் ஏடு உதவியோரையும் அஃது இருந்த ஊரையும் தம் பதிப்புகளிற் குறிக்கும் வழக்கமுடையார். கோட்டையூர் ரோஜா முத்தையா தொகுத்த நூற்செல்வம் 1994 இல், சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால், சென்னையில் ஆராய்ச்சி நூலகமாகிச் சிதறாமல் அவர் பெயராலேயே நிற்பதும் இந்நெறிபற்றியே. ஏட்டிற்கும் நூலிற்கும் செய்த இதனை வாய்மொழிப் பாட்டிற்கு நாம் செய்தோமா என்னும் ஐயம் மாநாட்டினின்று மீளும்போது என்னைத் தொடர்ந்தது.

அவ்வையத்தோடு கொல்லிமலை ஏறினேன். எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்தால் செம்மேடு. காஞ்சியிலிருந்து உடன்பிறந்தார் மூவர் மலையேறிய கதையைத் தம் முன்னோர் வரலாறாகக் கூறும் மலையாளி மக்கள் வாழும் இடம். இணையத்திற் கிடைக்கும் பழைய ஒலிப்பதிவு ஒன்றை மாணவர் ஒருவர் தம் கைப்பேசியிற் கொணர்ந்திருந்தார். அதன் குறிப்பு, ‘கொல்லிமலை, நடவுப் பாட்டு, பெண்குரல்’ என்ற அளவில் நின்றது. மூதாட்டியார் ஒருவர் அதனைக் கேட்டு நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், அது நடவுப் பாட்டு அன்று, சாவிற் பாடுவது என்றார். பாடியவர் தம் சிற்றன்னை என்று பெயரும் சொன்னார். இழவு வீட்டில் அழுத அழுகை கண்டவர் கைப்பேசியில் ஒலிப்பது ஏன் என்றும் வினவினார். யான் விடையிலேனாய் இருந்தேன்.

பன்னாட்டு ஆவணக் காப்பகக் குழு 2010 இல் ஏற்று, யுனெஸ்கோ 2011 இல் உடன்பட்ட உலகப் பறைசாற்றம், ஆவணங்களை யாவர்க்கும் திறந்து வைக்குமாறு கூறும்போதே, படைத்தோர் உரிமையையும் மதிக்கச் சொல்கின்றது. மாநாட்டில் அதனைச் சுட்டியவர் உளர். அழுதவர் உரிமை யாது என விரித்தவர் இலர். நாட்டுப்பாடலின் துறையறிந்தவர் எவரும் அவையில் இன்மையே அதற்குக் காரணம் என்பது என் துணிபு. ஒப்பாரியை நடவுப் பாட்டெனக் கொண்டது பொறியின் பிழை அன்று. துறை வகுத்துப் பழகிய நாம் ஆங்கு இல்லாமையின் பிழை.

ஊர் திரும்பியதும், வகையை ஒப்பாரி எனத் திருத்துமாறும், பாடியவர் பெயரைச் சேர்க்குமாறும், குடும்பத்தார் இசையும்வரை பதிவைப் பொதுவில் வைத்தல் வேண்டா என்றும் அதனை வைத்திருப்போர்க்கு எழுதினேன். வகையைத் திருத்தினர். பாடியவர்க்கெனப் படிவத்தில் தனிக்கட்டம் இல்லை என்று மறுமொழி வந்தது. ஏனையது பற்றி ஒன்றும் இல்லை. அடுத்த மாநாட்டிற்குக் கட்டுரைச் சுருக்கம் அனுப்பியுள்ளேன். பொருள், அந்தக் கட்டம்.