விளைவுக்கு யார் சாட்சி?

கான் விளம்பர விழாவின் ‘டைரக்ட்’ பிரிவில் நடுவர்கள் மதிப்பெண் பிரிக்கும் முறை வெளிப்படையானது: கருத்துக்கு 30 விழுக்காடு, உத்திக்கு 20, செயலாக்கத்துக்கு 20, விளைவுக்கு 30. முதல் மூன்றையும் எடைபோட அவர்களைவிடத் தகுதியானவர்கள் இல்லை. பழைய கருத்து புதுச்சட்டை போட்டு வந்தால் அந்தக் கண்களுக்குத் தப்பாது. நான்காவதற்கோ அவர்களிடம் பெரும்பாலும் இருப்பது இரண்டு நிமிட விளக்கப்படம். அதை எடுத்தவரே போட்டியாளர்.

விளைவைக் கேட்பதில் நியாயம் உண்டு. விருதுக்கென்றே ஒருநாள் வெளியிடப்படும் ‘ஸ்காம்’ விளம்பரங்களை அது ஓரளவு தடுக்கிறது. ஆனால் கேட்டதைச் சரிபார்க்க வழி செய்யாததால், 2025 ஜூனில் பிரேசிலின் டிஎம்9 நிறுவனம் ‘கிரியேட்டிவ் டேட்டா’ கிராண்ட் பிரீயை வென்றது. மின்சாரம் குறைவாக இழுக்கும் கான்சுல் நிறுவன வீட்டுச் சாதனங்களை ஏழைக் குடும்பங்கள் வாங்கலாம், மின்கட்டணத்தில் மிச்சமாவதே தவணை என்ற அந்தக் கருத்தில் பழுதில்லை. அதைப் பாராட்டிய நடுவர்களின் ரசனையிலும் பழுதில்லை. விளக்கப்படத்தில் இருந்த சிஎன்என் பிரேசில் செய்திக் காட்சியோ செயற்கை நுண்ணறிவால் திருத்தப்பட்டது. விருது பறிபோனது. அதன்பின் விழா விதிகளை இறுக்கியது. விளம்பரதாரரின் மூத்த அதிகாரி ஒப்பமிட வேண்டும். பொய்த்தால் மூன்றாண்டு வரை தடை.

முழுப்பொய்யை இவை பிடிக்கும். பாதி உண்மையைப் பிடிக்குமா?

ஓர் எடுத்துக்காட்டு. அதே மாதம் முதல் தேதி டெல்லி ஜங்புராவில், பாராபுல்லா வடிகாலோரம் தமிழர்கள் வாழ்ந்த மதராசி கேம்ப் உயர் நீதிமன்ற உத்தரவின்படி இடிக்கப்பட்டது. சுமார் 370 குடும்பங்களில் நரேலாவில் மாற்று வீடு பெறத் தகுதியுள்ளவையாக ஏற்கப்பட்டவை 189. ‘மாற்று வீட்டுக்கு 189 குடும்பங்கள் தகுதி’ என்று ஒரு விளக்கப்படம் அறிவித்தால் அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை; எந்த அதிகாரியும் ஒப்பமிடலாம். எத்தனையில் 189 என்று கேட்டால்தான் மீதிப்பேர் தெரிவார்கள். சமூக நோக்கப் பிரசாரங்கள் விரும்பிப் படம்பிடிப்பது இத்தகைய குடியிருப்புகளைத்தான். மே மாதம் அங்கே எடுத்த படத்தை ஜூன் நடுவில் கானில் பார்த்திருந்தால், பயனாளியைத் தேடிப்போக அந்தத் தெருவே இருந்திருக்காது. ‘எத்தனையில்?’ என்ற கேள்வியை நடுவர் குழு தானாகக் கேட்கும் என்று நம்பி விடுவதை முறை என்று என்னால் ஏற்க முடியவில்லை.

தீர்வு கான் விழாவிடமே இருக்கிறது. அதன் ‘கிரியேட்டிவ் எஃபெக்டிவ்னஸ்’ பிரிவுக்கு, முன்பே வென்ற அல்லது இறுதிப்பட்டியலில் இடம்பெற்ற படைப்புகளே வர முடியும். ஐடிசியின் சாவ்லானுக்காக ஓகில்வி மும்பை செய்த சாக்பீஸ், பள்ளிப் பிள்ளைகளின் கையில் ஒட்டிய சுண்ணத்தூளைத் தண்ணீர் பட்டதும் சோப்பு நுரையாக்கியது. 2018இல் அந்தப் பிரிவின் கிராண்ட் பிரீயை வென்றது. கருத்துக்கு முதலில் மதிப்பு, விளைவுக்குப் பின்னர்: இந்த வரிசையே சரி. மற்றப் பிரிவுகளும் அந்த 30 விழுக்காட்டை ஓராண்டு தள்ளிவைத்து, மொத்தம் எத்தனை பேர், எண்ணியது யார் என்ற இரண்டையும் நுழைவுப் படிவத்திலேயே கட்டாயமாக்க வேண்டும்.